பெட்டிக்கும் உலைக்கும் நடுவே

கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கி மறுபடியும் பாட்டிலாக்கலாம், தரம் குறையவே குறையாது. மறுசுழற்சி பற்றிப் பேச்சு வந்தால் இந்த வரி வராமல் இருக்காது. சொல்வது உண்மைதான். ஆனால் உலைக்குள் போகிற கண்ணாடி சுத்தமாக இருந்தால்தான் அது உண்மை. அந்தச் சுத்தத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. சேகரித்து வரும் பாட்டில்களைப் பிரித்து, நொறுக்கி, சலித்து, பாட்டில் ஆலைக்கு அனுப்பும் இடத்தில் தரம் பார்க்கிறேன். பல வருடமாக இந்த உடைசலோடு பழகியதில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. ஒரு பாட்டில் மறுபடி பாட்டிலாகுமா ஆகாதா என்பது பெரும்பாலும் எங்கள் வாசலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

லாரி வந்து கொட்டும்போது காது அடைத்துப்போகும். காதுக் கவசம் இல்லாமல் யாரும் கொட்டும் இடத்துக்குள் போகக் கூடாது என்பது கண்டிப்பான விதி. சத்தம் அடங்கியதும் புளித்த வாடை எழும்பும். பாட்டில்களின் அடியில் தங்கிய மிச்சமெல்லாம் சேர்ந்த வாடை அது. குவியலை ஒரு சுற்று நடந்து பார்த்தாலே லோடு எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும். முழுப் பாட்டில்கள் நிறையக் கண்ணில் பட்டால் நல்ல லோடு. எல்லாம் சில்லு சில்லாகி, நடுவே சாம்பல் நிறப் பொடி மண்டிக் கிடந்தால் அன்றைக்குப் பாடுதான்.

பாட்டிலும் ஜாடியும் மட்டுமா வரும்? பீங்கான் கோப்பை, தட்டு, பூந்தொட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி, பல்பு, ஜன்னல் கண்ணாடி, அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம், பிளாஸ்டிக் பை, எப்போதாவது ஒற்றைச் செருப்பு. போடுகிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் போடுவதில்லை. கீழே விழுந்தால் பீங்கானும் உடைகிறது, கண்ணாடியும் உடைகிறது, அதனால் இரண்டும் ஒரே இனம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

லோடு முதலில் கைப்பிரிப்பு பெல்ட்டுக்குப் போகும். அங்கே நெடுநாளாக வேலை செய்யும் ஓர் அக்காதான் எனக்குப் பீங்கானைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "நிறத்தைப் பார்க்காதீங்க தம்பி, உடைஞ்ச விளிம்பைப் பாருங்க" என்றார். கண்ணாடி உடைந்த இடம் சிப்பியின் உள்பக்கம் மாதிரி வளைவு வளைவாகப் பளபளக்கும். பீங்கான் உடைந்த இடம் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். மேற்பூச்சு எவ்வளவு மின்னினாலும் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். பெல்ட் ஓடுகிற வேகத்தில் அவர் இதைப் பார்த்து, எடுத்து, பின்னால் இருக்கும் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

வெட்டைத் தாங்கும் கையுறையும் முழங்கை வரை உறையும் அவர்களுக்கு உண்டு. ஆனால் ஊசி குத்தினால் அந்தக் கையுறை தாங்காது. வீட்டில் மருந்து போட்டுக்கொண்ட ஊசிகளை ஒரு ஜாடிக்குள் போட்டு இறுக மூடி, பத்திரமாக அப்புறப்படுத்திவிட்டோம் என்ற நிம்மதியோடு, கண்ணாடி சேகரிக்க வைத்திருக்கும் பெட்டியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜாடி வழியிலேயே உடைந்து, ஊசிகள் பெல்ட்டில் சிதறி வரும். ஒன்று கண்ணில் பட்டாலும் பெல்ட்டை நிறுத்திவிடுவார்கள். அங்கே நிற்கிற யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஊசியைத் தயவுசெய்து கண்ணாடி சேகரிக்கும் எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள். அதை வாங்கிக்கொள்ளும் இடம் வேறு.

கைப்பிரிப்புக்கு அப்புறம் இயந்திரங்கள். இரும்பு மூடிகளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அலுமினியத்தைச் சுழலும் காந்தப் புலம் தள்ளிவிடும். காகிதத்தைக் காற்று உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கேமராக்கள். கண்ணாடிச் சில்லுகள் ஒற்றை அடுக்காகச் சரிந்து விழும்போது ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் கேமரா. ஒளி ஊடுருவாத துண்டு வந்தால் அந்த இடத்தில் மட்டும் காற்றுக் குழாய் ஒரு ஊது ஊதி அதைத் தனியாகத் தள்ளும். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி இது.

எவ்வளவு சுத்தம் வேண்டும்? ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் ஒரு விதி கொண்டுவந்தது. உடைசல் கண்ணாடியைக் கழிவு என்ற கணக்கிலிருந்து எடுத்து, உருக்கத் தகுந்த பொருளாக ஏற்க வேண்டுமானால், 1 மில்லிமீட்டருக்குப் பெரிய உடைசலில் கல், பீங்கான் போன்றவை பத்து லட்சத்தில் 100 பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். இரும்புக்கு 50, மற்ற உலோகங்களுக்கு 60. அதாவது ஒரு டன் கண்ணாடியில் பீங்கானும் கல்லும் சேர்ந்து 100 கிராமைத் தொடக் கூடாது. ஒரு சாதாரணப் பீங்கான் கோப்பையே இதைப்போல இரண்டு மூன்று மடங்கு கனம். பாட்டில் ஆலைக்காரர்கள் பலர் இதைவிடவும் கறாராகக் கேட்பார்கள்.

என் மேஜையில் இந்தக் கணக்கு வேறு மாதிரி தெரியும். லோடிலிருந்து மாதிரி எடுத்துக் கழுவி, உலர்த்தி, தட்டில் பரப்பி, விளக்குக்குக் கீழே இடுக்கியால் ஒவ்வொரு துண்டாகத் தள்ளிப் பார்ப்பேன். அரிசி அளவு வெள்ளைத் துண்டு ஒன்று அகப்படும். கீறிப் பார்த்து, விளிம்பைப் பார்த்துத் தனியாக எடுத்து வைப்பேன். கடைசியில் எடுத்து வைத்ததையெல்லாம் சேர்த்துத் தராசில் போட்டால் முள் அசைந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். அவ்வளவு கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தை ஒரு லோடு முழுவதுக்கும் பெருக்கிப் பார்த்தால் சில நாட்களில் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும்.

அந்த அரிசித் துண்டு உலையில் என்ன செய்யும்? பாட்டில் உலை ஏறக்குறைய 1500 டிகிரி செல்சியஸில் எரிகிறது. அந்தச் சூட்டிலும் பீங்கான் துண்டு கரையாமல் அப்படியே நின்று ஒரு பாட்டிலின் சுவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடி குளிரும்போது சுருங்குவது ஓர் அளவு, பீங்கான் சுருங்குவது வேறோர் அளவு. அதனால் அந்த இடம் எப்போதும் இறுக்கத்திலேயே இருக்கும். உள்ளே வாயு அடைத்த பானம் நிரப்பினால் பாட்டில் அங்கேதான் வெடிக்கும். பீங்கானே மிக நுண்ணிய பொடியாகிவிட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். அதனால்தான் அதே விதி, 1 மில்லிமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள பொடியில் பத்து லட்சத்தில் 1500 பங்கு வரை விட்டுக்கொடுக்கிறது. அலுமினியம் வேறு வகைத் தொல்லை. உலையில் அது மணலின் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, சிலிக்கான் குட்டிக் குட்டி உருண்டைகளாக மிஞ்சும். அந்த உருண்டை இருக்கும் இடமும் பலவீனம்தான். ஈயம் கலந்த அலங்காரக் கண்ணாடியும் வேண்டாத விருந்தாளி. உணவுக்கும் மருந்துக்கும் போகிற பாட்டிலில் ஈயம் ஏறவிட முடியாது.

எனக்கு அதிகம் கவலை தருவது அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம். பீங்கானாவது விளிம்பைக் காட்டிக்கொடுக்கும். இது பார்ப்பதற்கு அச்சு அசல் பாட்டில் கண்ணாடிதான். அக்காவின் கண்ணுக்கும் தப்பிவிடும், சாதாரணக் கேமராவுக்கும் தப்பிவிடும். எக்ஸ்ரே, புற ஊதா ஒளி போன்றவற்றால் பார்க்கும் தனி இயந்திரம் வேண்டும். சூட்டைத் தாங்கவே செய்த கண்ணாடி என்பதால் உலையிலும் லேசில் உருகாது. உருகிய கண்ணாடியைக் கட்டி கட்டியாக வெட்டும் கத்திகளில் போய்ச் சிக்கி அவற்றைக் கெடுத்துவிடும்.

சரி, இதெல்லாம் அந்நியப் பொருள். கண்ணாடியே கண்ணாடிக்குச் செய்துகொள்ளும் கேடு ஒன்று உண்டு. அது நொறுங்குவது.

கேமராவும் காற்றுக் குழாயும் துண்டு துண்டாகப் பார்த்துத்தான் பிரிக்கின்றன. துண்டு சில மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அவற்றால் நம்பகமாகப் பிரிக்க முடியாது. பீங்கான் துணுக்கு ஒன்றைக் காற்று தள்ளும்போது பக்கத்திலிருக்கும் நல்ல கண்ணாடியும் சேர்ந்துதான் போகும். துண்டுகள் சிறியவையாக ஆக, கழிவோடு போகும் நல்ல கண்ணாடியும் கூடிக்கொண்டே போகும். ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். பொடி எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொண்டு கேமராவை ஏமாற்றும்.

அப்படிப் பொடியாகவே வந்துகொண்டிருந்த லோடுகள் எங்களுக்கு நிறைய உண்டு. சேகரிக்கும் நிறுவனம் ஒன்று, எல்லாக் குப்பையையும் போலக் கண்ணாடியையும் அழுத்தி ஏற்றும் லாரியில் கொண்டுவந்தது. ஓட்டுநரிடம் கேட்டேன். "ஒரு நடையில எவ்வளவு எடை ஏத்துறோமோ அதுக்குத்தான் சார் காசு. அழுத்தாம வந்தா கட்டுப்படியாகாது" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எடைக்குக் காசு என்று ஒப்பந்தம் எழுதினால் எடைதான் வந்து சேரும். அந்த லாரியில் ஏறிய பாட்டில்களைத் துலக்கி, மூடி கழற்றி, பெட்டி வரை நடந்துபோய்ப் போட்ட அத்தனை பேரின் உழைப்பும் லாரிக்குள் நடக்கும் ஓர் அழுத்தலில் வீணாகிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

பொடி முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். கண்ணாடிப் பஞ்சு, நுரைக் கண்ணாடி, உலோகத்தின் துருவை அடித்து எடுக்கும் தூள், சாலைக்கு அடியில் போடும் நிரப்பு என்று அதற்கும் வழிகள் உண்டு. ஆனால் சாலைக்கு அடியில் போன கண்ணாடி திரும்பி வராது. எத்தனை முறை வேண்டுமானாலும் என்ற கணக்கு அதோடு முடிந்தது.

நிறத்துக்கும் இதே கதைதான். பச்சைக் கண்ணாடிக்கு நிறம் தருவது குரோமியம், பழுப்புக்கு இரும்பும் கந்தகமும். உருக்கிய பிறகு அந்த நிறத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் நிறமில்லாத பாட்டில் செய்கிறவர்கள் பச்சைச் சில்லைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். பச்சை பாட்டில் செய்கிறவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்வார்கள். அங்கே உலையில் 90 சதவீதம்கூட உடைசலாக இருக்கலாம். நிறம் பிரித்துப் போடப் பெட்டிகள் வைத்திருந்தும் லாரியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்று மக்கள் குறைப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். பல லாரிகளுக்கு உள்ளே தடுப்பு இருக்கும், வெளியே நிற்பவருக்குத் தெரியாது. தடுப்பு இல்லாத லாரியும் வருகிறது. அப்போது அந்தக் குறை நியாயமானதுதான்.

இவ்வளவு பாடுபட்டு உடைசலை ஏன் உலைக்கு அனுப்ப வேண்டும்? மணலும் சோடா சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் உலையில் சேரும்போது, சோடா சாம்பலிலும் சுண்ணாம்புக்கல்லிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடு வாயுவாக வெளியேறிவிடும். 1 டன் கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.2 டன் மூலப்பொருள் வேண்டும் என்பது அதனால்தான். மிச்சம் புகைபோக்கி வழியே போகிறது. உடைசல் ஏற்கனவே கண்ணாடி, அதிலிருந்து வெளியேற ஒன்றுமில்லை. உருகவும் குறைந்த சூடு போதும். உலையில் உடைசலின் பங்கை 10 சதவீதம் கூட்டினால் எரிசக்தி 2.5 முதல் 3 சதவீதம் வரை குறையும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. உலைக்காரர்கள் உடைசலை மதிப்பது இன்று நேற்று வந்ததும் அல்ல. இத்தாலியின் கிராடோ நகரத்துக்கு அருகே கடலடியில் கண்டெடுத்த இயூலியா ஃபெலிக்ஸ் என்ற ரோமானியக் கப்பலில் ஒரு மரப்பீப்பாய் நிறைய உடைந்த கண்ணாடி இருந்தது, ஏறக்குறைய 140 கிலோ. கப்பல் ஏற்றிக் கொண்டுபோகிற அளவுக்கு அன்றைக்கே அதற்கு மதிப்பு இருந்திருக்கிறது.

ஆனால் அந்த எரிசக்திக் கணக்கையே நீட்டிப் பாருங்கள். உலை முழுக்க உடைசலாகவே போட்டாலும் எரிசக்தியில் மிச்சமாவது 25 முதல் 30 சதவீதம்தான். மீதியெல்லாம் உருக்குவதற்கே போய்விடும். அதனால் பாட்டிலை உடைக்காமல் திரும்ப வாங்கி, கழுவி, மறுபடி நிரப்பும் ஏற்பாடு எங்கெல்லாம் முடிகிறதோ, ரொம்ப தூரம் சுமந்து போக வேண்டியில்லையோ, அங்கே அதுதான் முதல் வழி என்பது என் கருத்து. உடைசலை வைத்துப் பிழைக்கிற நான் இதைச் சொல்வது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். பாட்டில் எவ்வளவு நாள் முழுசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதைத்தான் இந்த வேலை எனக்குத் தினமும் காட்டுகிறது. நிரப்ப வழியில்லாதபோது உலைக்கு வரட்டும், அதுவும் முடிந்தவரை முழுசாக வரட்டும்.

வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஒரு தடவை தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றினால் போதும், சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. மிச்ச உணவு அப்படியே போனால் உலையில் கார்பனாக மாறி நிறத்தைக் குழப்பும், எங்கள் இடத்திலும் நாறும். மூடியைக் கழற்றிவிடுங்கள். லேபிளை உரிக்க நேரம் செலவிட வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். உடைத்துப் போடாதீர்கள். கோப்பை, தட்டு, அடுப்புப் பாத்திரம், கண்ணாடித் தம்ளர் எதுவும் வேண்டாம்.

அந்தச் சேகரிப்பு நிறுவனத்தோடு சில மாதங்களாகப் பேசிவருகிறோம். எங்கள் வாசலில் எடை போடுவதோடு நிற்காமல், மாதிரி எடுத்துப் பொடியின் அளவும் பீங்கானின் அளவும் பார்த்து, உலைக்குத் தகுதியான எடைக்கு மட்டும் கூடுதல் காசு என்று ஒப்பந்தத்தை மாற்றச் சொல்லியிருக்கிறோம். சோதனையாக ஒரு வழித்தடத்தில் மட்டும் அழுத்தாமல் ஏற்றும் லாரியை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த லோடுகளில் பொடி குறைந்தது என் தட்டிலேயே தெரிந்தது. நடைகள் கூடியதால் டீசல் செலவும் கூடியது, அதை யார் ஏற்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. எங்கள் பங்காக எவ்வளவு தரலாம் என்று கணக்குப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.