கிராணிமாரும் புதிய சிஸ்டமும்

மலேசியாவில் தோட்டக் கம்பெனி ஒன்றின் தகவல் பிரிவில் வேலை செய்கிறேன். பழைய இணையத்தளத்தையும் ஊழியர்கள் மட்டும் பார்க்கிற உள்தளத்தையும் மூடிவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே உள்ளடக்க மேலாண்மை அமைப்பை நிர்வாகம் வாங்கியது. அதைக் கற்றுக்கொடுக்கும் வேலையில் பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்கள் என் பங்குக்கு வந்தன. உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்ற நீளமான பெயரை யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது 'சிஸ்டம்'தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் ஊர்ப் பேச்சில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) பயிரிட்ட தென்னமாரம் தோட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அது 1917-ல் தொடங்கியது. தோட்ட ஆபீஸ் என்றால் அந்தக் காலத்திலிருந்தே தாளும் பேரேடும், ஆபீஸ் எழுத்தரான கிராணியும்தான். வருகையும் கூலியும் பதியும் செக்ரோல் எழுதுவது, விடியுமுன் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் வாசிக்க வேண்டிய அறிவிப்பைத் தயாரிப்பது, அதைப் பலகையில் ஒட்டுவது, பிறகு எடுத்துக் கோப்பில் போடுவது எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். மேனேஜர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். எந்தச் சுற்றறிக்கை எப்போது வந்தது, எதற்குப் பதிலாக வந்தது என்று கேட்டால் கிராணியிடம்தான் பதில் கிடைக்கும்.

தலைமையகம் அனுப்பிய பயிற்சித் திட்டத்தில் இந்த அறிவுக்கு இடமே இல்லை. உள்ளே நுழைவது எப்படி, தலைப்பை எங்கே தட்டுவது, படத்தை எப்படிச் சேர்ப்பது என்று பொத்தான் பொத்தானாகப் போனது. பழகிப் பார்க்க, நடக்காத ஒரு விளையாட்டு விழாவைப் பற்றிய செய்தி கொடுத்திருந்தார்கள். பொத்தான்களைக் கற்பது பெரிய காரியமே இல்லை. கைப்பேசியில் நாள் முழுக்கப் படமும் குரல் செய்தியும் அனுப்புகிறவர்களுக்கு அது ஒரு காலைப் பொழுதில் வந்துவிடும். ஆனால் அதே வேகத்தில் மறந்தும் போகும். தோட்ட ஆபீசில் ஒருவர் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ பக்கம்தான் போடுவார். அடுத்த முறை சிஸ்டத்தைத் திறக்கும்போது, இல்லாத விளையாட்டு விழாவில் பழகியது எதுவும் மனதில் நிற்காது.

வகுப்பு நடக்கும் நாளும் முக்கியம். முதல் அட்டவணையில் மாதத்தின் தொடக்க வாரத்தைப் போட்டிருந்தார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்த வாரத்தில் எந்தக் கிராணியையும் நாற்காலியிலிருந்து எழுப்பக் கூடாது. மாத நடுவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், மாற்றினார்கள். பெரட்டு முடிந்து, ஆட்கள் நெறைக்கு (மர வரிசைகளுக்கு) வேலைக்குப் போய், லோரிகளும் கிளம்பிய பிறகு ஆபீஸ் கொஞ்சம் ஓயும். அந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம், மாதிரிப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு, "உங்க ஆபீசுல இப்ப புழக்கத்துல இருக்கிற தாளையே கொண்டு வாங்க" என்று சொன்னேன். இந்தப் பயிற்சியில் உருப்படியாக நடந்தது எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு கிராணி ஐயா களைக்கொல்லி பற்றிய கோப்பைக் கொண்டுவந்தார். அதில் பாராகுவாட் பற்றி மூன்று சுற்றறிக்கைகள் இருந்தன. 2002-ல் அரசாங்கம் அந்த மருந்துக்குத் தடை அறிவித்தது. 2006-ல் தடையைத் தளர்த்திக் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுற்றறிக்கை. தாள் கோப்பில் அவை தேதி வரிசையில், பழையவற்றின் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போடப்பட்டு, ஒழுங்காக இருந்தன. ஆனால் யாரோ அவற்றைக் கணினிக்கு ஏற்றியபோது குறுக்குக் கோடு இல்லாத பிரதிகளை எடுத்துவிட்டார்கள். பொதுக் கோப்புறையில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பெயரில் கிடந்தன. ஆபீசுக்குப் புதிதாக வரும் ஒரு பிள்ளை தேடினால் எது முதலில் வருகிறதோ அதைத்தான் அச்செடுத்து, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரிடம் கொடுப்பாள். முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து களையில் அடிக்கும் வேலையில் நம் பெண்கள்தான் காலங்காலமாக அதிகம் இருந்தார்கள். தவறான தாள் போய்ச் சேரும் இடம் அவர்கள் உடம்பு.

"இதுல எது உசுரோட இருக்கு, எது செத்துப் போச்சுன்னு எனக்குத் தெரியும்மா. நான் போன பிறகு யாரு சொல்லுவா?" என்று கேட்டார்.

சிஸ்டம் எதற்கு என்பதை நான் தயாரித்து வைத்திருந்த எந்த விளக்கத்தையும்விட இந்தக் கேள்வி நன்றாகச் சொன்னது. அன்றைய வகுப்பு முழுவதையும் அந்த மூன்று தாள்களை வைத்தே நடத்தினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபார்வைத் தேதி என்று ஓர் இடம் இருக்கிறது. அந்தத் தேதி வந்ததும் பொறுப்பாளருக்குச் சிஸ்டமே நினைவூட்டல் அனுப்பும். எந்தப் பக்கத்துக்குப் பதிலாக இது வந்தது என்று குறிக்க இன்னோர் இடம் உண்டு. தலைமையகத்தின் கையேட்டில் இவை இரண்டும் கடைசிப் பக்கங்களில், 'கூடுதல் வசதிகள்' என்ற தலைப்பில் இருந்தன. என் வகுப்பில் அவை முதலில் வந்தன. ஐயா சிவப்பு மையில் போட்ட குறுக்குக் கோடு கணினியில் எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும், மற்றதை அவர்கள் தாங்களே பிடித்துக்கொள்கிறார்கள்.

பழையதை அழித்துவிடலாமா என்ற கேள்வி உடனே வந்தது. கூடாது. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே 1 முதல் 1,500 வெள்ளி (ரிங்கிட்), 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. இன்று பலகையில் 1,700 மட்டும்தான் இருக்க வேண்டும். ஆனால் 2023-ல் தனக்குக் குறைத்துப் போட்டதாக ஒருவர் முறையிட்டால், அன்று நடப்பில் இருந்த அறிவிப்பு கையில் இருக்க வேண்டும். அதனால் பழைய பக்கம் காப்பகத்துக்குப் போகும். சாதாரணத் தேடலில் வராது, தேவைப்பட்டால் எடுக்கலாம். இதைக் கிராணிமாருக்கு இரண்டாவது முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. சம்பளத் தகராறு எப்படி வரும் என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

தமிழ் அறிவிப்புகள் தனிப் பாடு. பல ஆபீசுகளில் தமிழ்ச் சுற்றறிக்கைகளைப் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவலாவதற்கு முன் ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. அந்தக் கோப்பைத் திறந்து சிஸ்டத்தில் ஒட்டினால் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் கோணல் குறிகளும்தான் வரும். முதலில் பார்த்த அக்கா ஒருவர், தான் எதையோ கெடுத்துவிட்டதாகப் பதறிப்போனார். அவர் எதையும் கெடுக்கவில்லை. அந்தக் கோப்புக்குள் தமிழ் எழுத்து என்று ஒன்று இல்லவே இல்லை. வேறு எழுத்துகளுக்கான எண்களின் மேல் தமிழ் உருவங்களைப் பொருத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன. எந்த எழுத்துருவில் தட்டியது என்று தெரிந்தால் அவை வேலை செய்யும். மாற்றிய பிறகும் வரி வரியாகப் படித்துத் திருத்த வேண்டும்.

இந்த நாட்டில் இது நமக்குப் புதிய பிரச்சினை இல்லை, தீர்வும் வெளியிலிருந்து வரத் தேவையில்லை. முத்து நெடுமாறன் 1980-களிலேயே தமிழில் தட்டச்சு செய்வதற்கான முரசு மென்பொருளைச் செய்தவர். தமிழைக் கணினிக்கும் கைப்பேசிக்கும் கொண்டுவந்த வேலையில் மலேசியாவுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. வகுப்புக்கு வந்தவர்களில் சிலர் கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலி வைத்து வேகமாகத் தமிழ் தட்டுகிறவர்கள். ஆபீஸ் கணினியில் மட்டும் தமிழ் விசைப்பலகையை யாரும் போட்டுக் கொடுத்திருக்கவில்லை. அதைப் போட்டுக் கொடுத்ததும் இரண்டு பக்கத் தமிழ் அறிவிப்பை மாற்றி எடுப்பதைவிடப் புதிதாகத் தட்டுவதே சுலபம் என்று சிலர் முடிவு செய்தார்கள். அது நல்ல முடிவு. தட்டும்போதே வாசகங்களையும் சரிசெய்தார்கள். பெரட்டில் வாசித்தால் புரியாத நீண்ட வாக்கியங்களை வெட்டினார்கள்.

அச்சு பற்றியும் சொல்ல வேண்டும். திரையில் அழகாக இருந்த பக்கத்தை ஒருவர் அச்செடுத்தார். பக்கவாட்டுப் பட்டியலும் நிறுவனச் சின்னங்களும் சேர்ந்து, ஒரு தாள் அறிவிப்பு பல தாள்களாக வந்தது. தோட்டத்தில் பெரும்பாலோர் இதைத் திரையில் பார்க்கப் போவதில்லை. பலகையில் பார்ப்பார்கள், அல்லது காதால் கேட்பார்கள். அச்சுக்குத் தனி வடிவம் வேண்டும் என்று தலைமையகத்துக்கு எழுதினேன். சில வாரங்களில் செய்து கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிக நேரம் எடுத்தது பயம். பழைய முறையில் அறிவிப்பின் கீழே மேனேஜர் கையெழுத்து இருக்கும். தயாரித்தவர் பெயர் எங்கும் இருக்காது. சிஸ்டத்தில் யார் எழுதினார், யார் திருத்தினார், எத்தனை மணிக்கு என்று எல்லாம் பதிவாகும். "என் பேரு எதுக்கு மிஸ் அதுல? நாளைக்கு ஒண்ணுன்னா என் தலையிலதான் விழும்" என்று ஓர் இளநிலைக் கிராணி கேட்டாள். நியாயமான கேள்வி. தோட்டத்தில் பழி எந்தத் திசையில் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நான் இரண்டு காரியம் செய்தேன். முதலில், பயிற்சிக்கான தனித் தளத்தில் ஒரு பக்கத்தை எல்லோரும் வேண்டுமென்றே சிதைக்கச் சொன்னேன். வரிகளை அழித்தார்கள், தலைப்பை மாற்றினார்கள், படத்தைத் தலைகீழாகப் போட்டார்கள். பிறகு பழைய பதிப்பை அப்படியே மீட்டுக் காட்டினேன். ஒரு தட்டலில் எதுவும் அழிந்துபோகாது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கைகள் இலகுவாயின. அடுத்து, பதிவேட்டைத் திறந்து இரண்டு பெயர்களைக் காட்டினேன். வரைவு எழுதியவர் ஒருவர், ஒப்புதல் கொடுத்தவர் இன்னொருவர். "நீ எழுதினதை மேனேஜர் பார்த்துத்தான் விட்டாருன்னு இதுவே சொல்லும். உனக்கு இது பாதுகாப்பு" என்றேன்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு, மேனேஜர் உண்மையிலேயே பார்த்தால்தான் உண்டு. சில இடங்களில் மேனேஜரின் கடவுச்சொல் கிராணியின் மேசையில் ஒட்டியிருந்தது. "நான் நெறையில இருக்கேன், நீயே தட்டிவிடு" என்பது வழக்கமாகியிருந்தது. அப்படியானால் எழுதியதும் அவள், ஒப்புக்கொண்டதும் அவள். பதிவேடு மட்டும் வேறு சொல்கிறது. தணிக்கைக்காரர் வந்து எது நடப்புப் பதிப்பு, யார் ஒப்புக்கொண்டது என்று கேட்டால் சிஸ்டம் காட்டுவது உண்மையாக இருக்காது. நிலைத்த செம்பனை எண்ணெய் உற்பத்திக்கான மலேசியாவின் எம்எஸ்பிஓ சான்றிதழ் 2020 முதல் கட்டாயம் என்பதால் தணிக்கை எப்போதோ வருகிற விஷயமும் இல்லை.

அதனால் மேனேஜர்களும் வகுப்புக்கு வர வேண்டும் என்று உறுதியாக நின்றேன். கைப்பேசியில் வரைவைத் திறந்து படித்து ஒப்புதல் கொடுக்கும் வழி இருக்கிறது. அதைக் காட்ட ஒரு தேநீர் நேரம் போதும். சிலர் வந்தார்கள். சிலர் உதவி மேனேஜரை அனுப்பினார்கள். வந்தவர்களின் தோட்டங்களில் கடவுச்சொல் மேசையிலிருந்து போய்விட்டது. வராத இடங்களில் நிலைமை அப்படியேதான் இருக்கிறது. கிராணிக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அதை அவரால் மாற்ற முடியாது. ஒப்புதல் கொடுக்க வேண்டியவருக்குப் பயிற்சி இல்லாமல் சிஸ்டத்தைத் திறந்துவிடக் கூடாது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

பயிற்சிக்குப் பிறகு, மாத நடுவில் ஒரு மணி நேரம் இணையவழியில் கூடுகிறோம். அந்த மாதம் போட்ட உண்மையான பக்கம் ஒன்றை ஒருவர் எடுத்துப் பேசுவார். களைக்கொல்லிக் கோப்பு கொண்டுவந்த ஐயா தவறாமல் வருகிறார். தன் அலமாரியில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக அந்த இளநிலைக் கிராணியோடு உட்கார்ந்து ஏற்றுகிறார். எதற்குப் பதில் எது வந்தது என்று அவர் சொல்லச் சொல்ல அவள் குறித்துக்கொள்கிறாள்.

முடியாமல் நிற்பது ஒரு விஷயம். இன்று செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் நிறையப் பேர் வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். தொடர்புடையவர்களுக்குப் பொருத்தமான மொழியில் தகவல் போக வேண்டும் என்று, நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான அனைத்துலகச் சான்றிதழ் அமைப்பான ஆர்எஸ்பிஓ கேட்கிறது. அது இல்லாவிட்டாலும் நாம் செய்ய வேண்டியதுதான். வங்காள மொழிப் பக்கங்களைத் தலைமையகம் மொழிபெயர்த்து அனுப்புகிறது. வருவது சரியா என்று பார்க்க எங்கள் ஆபீசுகளில் ஆள் இல்லை. ஒரு தோட்டத்தில் நன்கு படித்த வெட்டுக்காரர் ஒருவர், பெரட்டு முடிந்ததும் பக்கத்தை வாசித்துப் பார்த்து, புரியாத வரிகளைக் கிராணியிடம் சொல்லி வருகிறார். மருந்துப் பாதுகாப்புப் பக்கத்தில் அவர் காட்டிய ஒரு வரி உண்மையிலேயே பொருள் மாறி இருந்தது. அவருக்குச் சிஸ்டத்தில் சரிபார்ப்பவர் என்ற அனுமதியும் அந்த வேலைக்குக் கூலியும் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அலுவலக ஊழியர்களுக்கு மட்டும்தான் கணக்கு என்று விதி இருப்பதாகப் பதில் வந்தது. விதியை மாற்றச் சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறேன். இந்த முறை அந்தத் தோட்ட மேனேஜரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்.