பாதைப் படகில் தொடங்கிய கதை: ஒரு புதிய கதைவிளையாட்டுத் தொடருக்கு முதல் அமர்வை அமைத்த அனுபவம்

திருகோணமலையில் எங்கள் சிறு குழு ஆடிவரும் கதைவிளையாட்டில் (ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையைச் சேர்ந்து நடத்தும் விளையாட்டு), புதிய தொடரை நடத்தும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு விதிகள், நான்கு ஆட்டக்காரர்கள், கதையை நடத்தும் கேம் மாஸ்டராக நான். என் தங்கையும் அவளோடு பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் தோழியும் இருவர். நிலாவெளியில் ஒரு விடுதியில் வேலை செய்யும் பெரியம்மாவின் மகன், எங்கள் எல்லோருக்கும் அண்ணா, மூன்றாமவர். கிண்ணியாவில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் நான்காமவர். அவரை நாங்கள் நானா என்று அழைக்கிறோம். உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் கூடுகிறோம்.

இத்தகைய தொடர் மாதக்கணக்கில் நீளக்கூடியது. ஆயினும் ஆட்டக்காரர் அடுத்த அமர்வுக்கு ஆவலோடு வருவாரா, அல்லது வந்தாக வேண்டுமே என்று வருவாரா என்பதை முதல் அமர்வின் தொடக்கப் பகுதியே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே வரைபடங்களுக்கும் அரச வம்சங்களுக்கும் செலவிடும் உழைப்பை இம்முறை தொடக்கத்துக்கே செலவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு நானே ஒரு நிபந்தனையும் விதித்துக்கொண்டேன்: அமர்வு தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள், ஆட்டக்காரர்கள் தாமே முடிவெடுத்தாக வேண்டிய, எடுத்த முடிவு கதையை உண்மையாகவே வேறு பக்கம் திருப்பிவிடுகிற ஒரு தருணம் வந்துவிட வேண்டும்.

கதை நிகழும் துறைமுக நகரம் கற்பனையானது. அதன் வார்ப்பு எங்கள் ஊர். இங்கே வாழ்பவருக்கு மாய உலகம் ஒன்றை வெளியிலிருந்து கடன் வாங்கும் தேவையே இல்லை. கடலை நோக்கி நிற்கும் செங்குத்துப் பாறையும் அதில் இராவணன் வெட்டு எனப்படும் பிளவும் இருக்கின்றன. 1622 இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்றூண்கள் கடலடியில் கிடப்பதை 1956 இல் சுழியோடிகள் கண்டனர். இடிப்புக்கு முன் மண்ணுக்குள் மறைக்கப்பட்ட செப்புத் திருமேனிகள், 1950 இல் கோயிலுக்கு அண்மையில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. பிரெட்ரிக் கோட்டையின் வாயிற்கல்லில் இரட்டை மீன் இலச்சினையோடு சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனின் திருப்பணியைப் பறங்கியர் குலைப்பர் என்று தொடங்கி, பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் எனப் பின்னால் வருவோரைப் பெயர் சொல்லாமல் அடுக்கும் வாசகத்தை மரபு அதற்கு வழங்குகிறது. வருங்காலத்தை மறைமொழியில் உரைக்கும் வாசகத்துக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரியை நான் எங்கும் கண்டதில்லை.

இவ்வளவு வளமான பின்னணி கையில் இருக்கும்போது, அதை எல்லாம் முன்னுரையாக வாசித்துக் காட்டும் ஆசை எந்தக் கேம் மாஸ்டருக்கும் எழும். பின்னணியை நான் நான்கு பக்கங்களில் எழுதிவைத்தேன். அதில் ஒரு வரியையும் அமர்வில் வாசிப்பதில்லை என்றும் தீர்மானித்தேன். ஆட்டக்காரரின் கை படும் பொருளொன்றின் வழியாகவோ, அவர் கேட்கும் கேள்விக்கு மறுமொழியாகவோ மட்டுமே பழங்கதை வெளிவர வேண்டும். தானே கேட்டுப் பெற்ற செய்தியைத்தான் ஆட்டக்காரர் அடுத்த அமர்விலும் நினைவில் வைத்திருக்கிறார்.

தொடக்கக் காட்சிக்கு மூன்று வழிகளை எடை போட்டேன். கடைத்தெருவில் அந்நியர் ஒருவர் வந்து வேலை ஒன்றை ஒப்படைப்பது முதலாவது. அது எளிது, ஆனால் பாத்திரங்கள் கூலிக்கு வேலை செய்பவர்களாகவே நின்றுவிடுவர். அதை விரைவிலேயே விலக்கிவிட்டேன். இரண்டாவது வழி என்னை நெடுநேரம் பிடித்து வைத்திருந்தது. சித்திரைப் புத்தாண்டில் திருமேனி ஊர்வலமாக வெளியே சென்றிருந்தபோது, போர்த்துக்கேயர் மாறுவேடமிட்டு உள்ளே நுழைந்தனர் என்று கோணேசர் கோயிலின் அழிவைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஊர் முழுதும் ஊர்வலத்தில் இருக்க, ஆளொழிந்த மண்டபத்தில் நான்கு இளம் காவலர்கள், வாயிலில் யாரென்று தெரியாத யாத்திரிகர்கள் என்று ஒரு காட்சி கண்முன் எழுந்தது. ஆனால் அந்தக் கதையின் முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நால்வரும் எவ்வளவு திறமையாகப் போராடினாலும் மண்டபம் விழுந்தே தீர வேண்டும், இல்லையேல் தொடர்ந்து வரும் கதைக்கு அடித்தளம் இல்லை. முதல் அமர்விலேயே ஆட்டக்காரரின் முயற்சிக்குப் பயனில்லை என்று காட்டிவிட்டுப் பின்னர் உங்கள் முடிவுகளுக்கு மதிப்புண்டு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தக் காட்சியைக் கதையின் பழங்காலத்துக்குத் தள்ளி வைத்தேன்.

மூன்றாவது, பாதைப் படகு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன்னர் இரு கரைக்கும் இடையே மக்கள் பாதை எனப்படும் கடத்துப் படகில்தான் கடந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாத நால்வர் ஒரே படகில் இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நடுவழியில் எவரும் இறங்கிப் போய்விடவும் முடியாது. கரை தெரியும், ஆனால் எட்டாது. இந்த இடத்தைத்தான் தேர்ந்தேன்.

தேர்ந்தவுடன் எழுதத் தொடங்காமல், பூச்சிய அமர்வு எனப்படும் முன்கூட்டிய கலந்துரையாடலை வைத்தேன். பாத்திரங்களை உருவாக்குவதோடு, கதையில் எவை வேண்டும், எவை கூடாது என்று எல்லோரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளும் சந்திப்பு அது. வேறு ஊர்களில் இதைச் சம்பிரதாயமாகக் கடந்துவிடலாம். எங்கள் ஊரில் கடக்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கடற்கரையில் கண்டவர்களும், போர்க்காலத்தில் வளர்ந்தவர்களும் ஒரே மேசையில் அமர்கிறோம். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்தது கிண்ணியாவில் யாருக்கும் பழைய செய்தி ஆகவில்லை. நான் பாதைக் காட்சியைப் பற்றிச் சொன்னதும் நானா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தங்கச்சி, கடல் இருக்கட்டும். படகு கவிழுறது மட்டும் வேணாம்" என்றார். அண்ணா தன் பங்குக்கு, கடல் ஊருக்குள் வரும் காட்சி தொடரில் எங்குமே வரக்கூடாது என்றார். குண்டுவீச்சும் சோதனைச் சாவடியும் வேண்டாம் என்பதை ஏற்கெனவே நான் எழுதிவைத்திருந்தேன். உயிருள்ள வழிபாடு எதையும் அப்படியே கதைக்குள் கொண்டுவருவதில்லை என்பதும் என் தீர்மானம். ஆகவே திருமேனிக்குப் பதிலாகக் கலங்கரை விளக்காகப் பயன்பட்ட ஒரு வெண்கல விளக்கு கதையின் மையப் பொருளாயிற்று.

பாதை எக்காரணம் கொண்டும் மூழ்காது என்பதை ஆட்டக்காரர்களுக்கு முன்னதாகவே சொல்லிவிடுவது விறுவிறுப்பைக் குறைக்குமோ என்று கேட்கலாம். என் அனுபவத்தில் அது காட்சிக்கு வலுவையே சேர்த்தது. உயிர்ப் பயத்தை எடுத்துவிட்டால், காட்சியின் முழுப் பாரமும் எடுக்க வேண்டிய முடிவின் மீது வந்து அமர்கிறது.

காட்சியை இவ்வாறு அமைத்தேன். இரவு, வடக்கயிற்றால் இழுக்கப்படும் பாதை, பயணிகளுள் துணி மூட்டையை மடியில் வைத்திருக்கும் ஒரு மூதாட்டி. படகு நடுவில் வரும்போது நீருக்கடியிலிருந்து மணியோசை எழுகிறது. மூதாட்டியின் மூட்டை உள்ளிருந்து ஒளிர்கிறது. பாதைக்காரர் கயிற்றை விட்டுவிட்டு, அந்த விளக்கோடு எவரையும் அக்கரை சேர்க்க மாட்டேன் என்கிறார். பின்னாலிருந்து விளக்கில்லாத சிறு தோணியில் முகமூடி மனிதர்கள் நெருங்குகிறார்கள். மூதாட்டி மூட்டையை அருகில் இருப்பவரின் கையில் திணிக்கிறார். திரும்பிப் போகலாம், பாதைக்காரரை இணங்கவைத்து முன்னே போகலாம், விளக்கைக் கொடுத்துவிடலாம், கடலில் போட்டுவிடலாம். ஒவ்வொரு வழிக்கும் அடுத்த அமர்வு எப்படித் தொடங்கும் என்று அரைப்பக்கக் குறிப்பு எழுதினேன். நான்கில் எதுவும் தண்டனையாக இருக்கக்கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தேன். விளக்கைக் கடலில் போட்டால்கூட அது கடலடி மண்டபத்தைச் சென்றடைந்து வேறொரு கதையைத் திறக்கும்.

இதற்கு முன்னால் ஒரு சிறு சுற்று உண்டு. மணியோசைக்கு முன், ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் கேட்பேன்: இன்றிரவே ஏன் கடக்கிறீர்கள்? உங்கள் மூட்டையில் என்ன இருக்கிறது? பாத்திரத்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வரச் சொன்னால் சிலர் பக்கம் பக்கமாக எழுதுவர், சிலர் ஒன்றும் எழுத மாட்டார்கள். இந்தக் கேள்விகளுக்கோ எல்லோராலும் அந்த இடத்திலேயே விடை சொல்ல முடியும். அந்நிய நாட்டுப் பாத்திரம் வேண்டுமென்று அண்ணா கேட்டிருந்தார். 1660 இல் கொட்டியாரக் குடாவில் கப்பலோடு வந்து பிடிபட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸின் கதையை அவருக்குச் சொன்னேன். தந்தை இந்தக் குடாவில்தான் காணாமற் போனார் என்ற காரணத்தை அதிலிருந்து அவரே அமைத்துக்கொண்டார்.

எண்கள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல தொடக்கம் பலமுறை எண்களால்தான் கெடுகிறது. விதிப்படி நடுத்தரக் கடினமுள்ள செயலுக்கு 15 தேவை. சிறப்புத் திறன் இல்லாத பாத்திரம் இருபது முகப் பகடையில் அதை எட்டும் வாய்ப்பு 30 சதவீதம். நால்வரும் முயன்று நால்வரும் தவறும் வாய்ப்பு ஏறக்குறைய 24 சதவீதம். அதாவது நான்கு அமர்வுகளில் ஒன்றில் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே கதை நகர்வதற்கு இன்றியமையாத எந்தச் செய்தியையும் பகடையின் பின்னால் வைக்கவில்லை. மணியோசை எல்லோருக்கும் கேட்கும், ஒளி எல்லோருக்கும் தெரியும். பகடையில் வென்றவருக்குக் கூடுதலாக ஒன்று தெரியவரும், அவ்வளவே.

சண்டையும் அவ்வாறே. முகமூடி மனிதர்களுக்கு, விளையாட்டில் வரும் சிறு எதிரி இனமான கோப்ளினுக்குரிய எண்களைக் கொடுத்தேன்: உயிர்ப்புள்ளி 7, ஓர் அடிக்குச் சராசரி 5 புள்ளிச் சேதம். முதல் நிலையில் இருக்கும் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளியே 6 உடன் உடல்வலுவுக்கான சிறு கூட்டல்தான். இரண்டு அடிகளில் விழுந்துவிடுவார். அத்தகைய எதிரிகள் நால்வர் வந்தால், விதிநூலின் கணக்கில் அது முதல் நிலை நால்வருக்கு உயிராபத்தான சண்டை: தலைக்கு 50 வீதம் 200 அனுபவப் புள்ளி, எண்ணிக்கைக்காக இருமடங்காகி 400. மூவர் என்றால் 300, அது கடினம். இருவர் என்றால் ஒன்றரை மடங்கே, 150, எளிதுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில். இருவரையே வைத்தேன். அவர்களுடைய நோக்கம் கொல்வது அன்று, மூட்டையைப் பறிப்பது என்றும் எழுதிக்கொண்டேன். எதிரிக்கு நோக்கம் ஒன்று இருந்தால் ஆட்டக்காரர்களுக்கு வாளைத் தவிர வேறு வழிகளும் தோன்றும்.

அமர்வு நாளில் இஞ்சிப் பிளேன்ரீயும் உளுந்து வடையும் வைத்துவிட்டு, ஊரைப் பற்றியோ காலத்தைப் பற்றியோ எதுவும் சொல்லாமல், வடக்கயிறு இழுபடும் ஓசையிலிருந்து தொடங்கினேன். மூட்டைக் கேள்விக்குத் தங்கையின் தோழி, "அம்மாவின் பித்தளைச் செம்பு" என்றாள். அடகு வைக்க எடுத்துச் செல்கிறாளாம். அதை நான் குறித்துக்கொண்டேன், பெரிதாக நினைக்கவில்லை. நானாவின் பாத்திரம் ஒரு கணக்கப்பிள்ளை. அவர் பாதைக்காரரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் ஏன் மணியோசைக்கு அஞ்சுகிறார் என்று விசாரிக்க, முன்பு ஊர்வல நாளில் வேடமிட்டு வந்தவர்களால் மண்டபம் விழுந்த கதை அந்தக் கேள்விக்கு மறுமொழியாக மூன்று நான்கு வாக்கியங்களில் வெளிவந்தது. நான் எழுதிவைத்திருந்த நான்கு பக்கங்களில் அப்போது தேவைப்பட்டது அவ்வளவுதான்.

முடிவெடுக்க வேண்டிய தருணம் வந்தபோது நான்கு வழிகளில் எதையும் அவர்கள் எடுக்கவில்லை. தோழி தன் செம்பை எடுத்து மூதாட்டியின் துணியில் சுற்றினாள். தங்கையின் பாத்திரத்துக்குத் தெரிந்த ஒரே ஒளி மந்திரம் அந்தச் செம்பை ஒளிரவைத்தது. அண்ணா அந்நியனுக்குரிய பதற்றத்தோடு அதை முகமூடி மனிதர்களிடம் நீட்டிக் கெஞ்சினார். ஏமாற்றுதலுக்கான பகடையை அவர் உருட்டியபோது மேசையில் யாரும் மூச்சு விடவில்லை; 17 விழுந்தது. தோணி விலகிச் சென்றது. ஓர் அடிகூட விழாமல் முதல் நெருக்கடி தீர்ந்துவிட்டது. பாதைக்காரரோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்; அவரை இணங்கவைக்கும் வேலை நானாவிடம் விழுந்தது. சம்பளம், குடும்பம், பிள்ளைகளின் படிப்பு என்று அவர் எடுத்த உரையாடல் அமர்வின் மிக நீண்ட பகுதியாகவும், எல்லோரும் மிகவும் ரசித்த பகுதியாகவும் அமைந்தது.

அந்தச் செம்பு என் திட்டத்தில் எங்கும் இல்லை. வாளோடு எழுதிவைத்த சண்டையைவிட, பயணத்தின் தொடக்கத்தில் கேட்ட ஒரு சிறு கேள்வி இவ்வளவு தூரம் வேலை செய்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. இனி எந்தத் தொடரைத் தொடங்கினாலும் மூட்டைக் கேள்வியை நான் விடப் போவதில்லை. ஆனால் விடைகளைக் கேட்டுக் கடந்துவிடாமல், ஒவ்வொன்றும் காட்சியில் எங்கே பயன்படக்கூடும் என்று அங்கேயே ஒரு கணம் யோசித்து வைத்துக்கொள்வேன்.

இப்போது இரண்டாம் அமர்வுக்கான வேலை நடக்கிறது. முகமூடி மனிதர்கள் செம்பை அவிழ்த்துப் பார்த்திருப்பார்கள். ஒளி மந்திரம் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அவர்கள் யாரை முதலில் தேடி வருவார்கள் என்பதை முடிவு செய்ய வேண்டும். தோழியின் அம்மாவுக்குச் செம்பு போன செய்தி எட்ட வேண்டும். விளக்கை ஏற்றுவதற்குரிய இடமாகக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை முன்மாதிரியாக வைத்து ஒரு புதிர் எழுதிக்கொண்டிருக்கிறேன்: ஒவ்வொரு கிணற்று நீரின் சூடும் வேறு, சரியான வரிசையில் விளக்கை நனைக்க வேண்டும். அந்த வரிசைக்கு மூன்று வெவ்வேறு தடயங்கள் வைக்கிறேன், ஒன்று வாயிற்கல்லில், ஒன்று மூதாட்டியின் தாலாட்டில், மற்றொன்று பாதைக்காரரின் நினைவில். முதல் இரண்டும் எழுதி முடிந்துவிட்டன. பாதைக்காரருக்கு நானா கொடுத்துவிட்ட குடும்பத்தை வைத்து மூன்றாவதைத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.