நெபுகத்னேசர் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு

இன்று காலைத் திருப்பலிக்கு மொத்தமே ஏழு பேர். முதல் வாசகம் வாசிக்க ஆள் இல்லை. பங்குத்தந்தை பார்த்துக்கொண்டே நிற்க, இரண்டாவது வரிசையிலிருந்து அந்தப் பாட்டி மெல்ல எழுந்து போனார்.

பொதுக்காலத்தின், அதாவது தவக்காலம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத நாட்களின், கடைசி வாரத் திங்கள். விவிலியத்தின் தானியேல் நூல். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, அவசரமே இல்லாமல் வாசித்தார். 'நெபுகத்னேசர்' என்ற பாபிலோன் அரசனின் பெயர் வந்ததும் ஒரு மூச்சு நிறுத்தினார், அப்புறம் தெளிவாகச் சொன்னார்.

வாசகத்தை முடித்துவிட்டு "ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்றார்.

"இறைவா உமக்கு நன்றி" என்று ஏழு பேரும் சொன்னது எனக்கு இருபது பேர் சொன்ன மாதிரி கேட்டது.

திருப்பலி முடிந்து புத்தகத்தை எடுத்து வைக்கப் போனேன். அந்தப் பெயருக்கு முன்னால் பென்சிலில் ஒரு சின்னச் சாய்கோடு. மங்கிப்போயிருந்தது.

"அவர் போட்டது" என்றார் பாட்டி, பின்னாலிருந்து. அவர் கணவர்தான் இங்கே பல வருடம் வாசகம் வாசித்தவர். போன வருடம் இறந்துவிட்டார்.

ஞாயிறு வாசகங்கள் 3 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பொதுக்கால வாரநாட்களின் முதல் வாசகம் 2 ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு வேறொன்று. அப்படியென்றால், இதே பக்கத்தில் கடைசியாக விரல் வைத்தது அநேகமாக அவர்தான். உலகத்தில் எத்தனையோ ஆலயங்களில் இன்று இதே வாசகம் வாசித்திருப்பார்கள், ஆனால் இந்தக் கோடு இங்கே மட்டும்தான் இருக்கிறது.

பாட்டி ரிப்பனை நாளைய பக்கத்துக்கு மாற்றி வைத்தார்.

"நாளைக்கும் நானே வாசிக்கட்டுமா?"