கழுந்து சரி, கோடுதான் தப்பு

சின்ன முக்காலி ஒன்றுக்கான கால்களும் குறுக்குச் சட்டங்களும் இப்போது ஒழுங்காகப் பொருந்தி நிற்கின்றன. இதற்கு முன் செய்த சட்டகத்தில் கழுந்துகள், அதாவது காலின் துளைக்குள் செருகச் சட்டத்தின் முனையில் செதுக்கும் நாக்குகள், எல்லாம் துளைக்குள் இறுக்கமாகவே உட்கார்ந்தன. ஆனாலும் சட்டத்தின் முகமும் காலின் முகமும் மட்டமாக நிற்கவில்லை. ஒரு முனையில் சட்டம் துருத்தியது, மறுமுனையில் உள்வாங்கியது. அறுப்பில்தான் கோளாறு என்று ரம்பப் பயிற்சியிலேயே வெகுநாள் கிடந்தேன். கோளாறோ அதற்கு முந்தின வேலையில், கோடு போட்டதில் இருந்தது.

கட்டையின் ஒரு முகத்தை நேராக இழைத்து, அதை ஒட்டிய விளிம்பை மூலைமட்டத்துக்கு (செங்கோணம் பார்க்கும் கருவி) சரியாக்கி, இரண்டிலும் பென்சிலால் அடையாளம் போட்டுவிட வேண்டும். அப்புறம் எந்தக் கோடானாலும் அந்த இரண்டு பக்கங்களை அணைத்துத்தான் கீற வேண்டும். நான் சில துளைகளைக் காலின் வெளிமுகத்திலிருந்தும் சிலவற்றை உள்முகத்திலிருந்தும் கீறியிருந்தேன். கையால் இழைத்த கட்டை எங்கும் ஒரே பருமனாக இருப்பதில்லை. பருமனில் அரை மில்லிமீட்டர் கூடினால், துளையும் அதே அளவு இடம் மாறிவிடும். உளியை எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் இதைத் திருத்த முடியாது.

மூலைமட்டத்தையும் சோதித்தேன். நேர் விளிம்பில் வைத்து ஒரு கோடு, அதே இடத்தில் திருப்பிப் போட்டு இன்னொரு கோடு. இரண்டும் விலகினால், அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. என்னுடையது சரியாக இருந்தது.

கழுந்து நுழைய மறுத்தால் உடனே சீவக் கூடாது என்பதும் இப்போது பழகிவிட்டது. துளையின் உள்பக்கச் சுவர்களில் பென்சில் முனையைத் தேய்த்துவிட்டு, கழுந்தைச் செருகி உருவினால், உரசும் இடத்தில் மட்டும் கரி ஒட்டியிருக்கும். அங்கே மட்டும் உளியால் மெல்லச் சீவினால் போதும். முன்பெல்லாம் சுற்றிலும் சீவி, கடைசியில் ஆடும் கழுந்துதான் மிஞ்சியது.

இன்னும் வசப்படாதது இழைப்புதான். மரத்தின் நார் திசை மாறும் இடத்தில் இழைப்புளி பிய்த்துவிடுகிறது. அலகைப் புதிதாகத் தீட்டி, மிக மெல்லிசாக இறக்கி, இரண்டு முனைகளிலிருந்தும் அந்த இடம் வரைக்கும் தனித்தனியாக இழைக்கிறேன். பிய்வது குறைந்திருக்கிறது. முக்காலியின் மேல்பலகையில் அப்படி ஓர் இடம் இருக்கிறது; அதை அடுத்து எடுக்கப்போகிறேன்.