ஏழு பிள்ளைகளும் ஒரு வளவும்

கோண்டாவிலில் எங்கள் வளவுக்குள் இரண்டு வீடுகள். முன்வீட்டில் அக்கா குடும்பம், பின்வீட்டில் நாங்கள். அம்மா, அப்பா, அம்மாவைப் பெற்ற ஆச்சி, இன்னும் கலியாணம் கட்டாத தம்பி எல்லோரும் எங்களோடுதான். அக்காவுக்கு நாலு, எனக்கு மூன்று. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில் இல்லை, வேலி இல்லை, ஒரு மாமரமும் கிணறும்தான். அதனால் எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்பது புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபட அரை மணித்தியாலமாவது ஆகும்.

யாழ்ப்பாணத்தில் சகோதரிகள் இப்படி ஒரே வளவில் ஒட்டி இருப்பதற்குக் காரணம் சீதனம். வீடும் காணியும் பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து எழுதி வைத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்திலும் சீதனம் இருக்கிறது, அதற்கு முன்னும் இருந்தது. சீதனத்தில் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, அதை வேறொரு நாள் ஆறுதலாக எழுத வேண்டும். ஆனால் அந்த வழக்கத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அம்மம்மாவும் பெரியம்மாவும் சித்தியும் ஒரு கூப்பிடு தூரத்தில் கிடைத்திருக்கிறார்கள். அவர்கள் எங்களைச் சிரிக்க வைக்கிற விசயங்களில் பாதிக்கு மேல் வீட்டில் ஆட்கள் நிறைய இருப்பதால் மட்டுமே நடக்கிறவை.

ஒழுங்கை ஒழுங்கையாகப் பாணும் பணிஸும் விற்க வருகிற பாண் ஓட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் நாலரை, ஐந்து மணிக்கு ஒழுங்கை முனையில் அந்தச் சங்கீதம் கேட்கத் தொடங்கியதும் எங்கள் பிள்ளைகள் ஏழு பேரும் ஏழு பக்கமாகப் பிரிவார்கள். ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் யார் யாரிடம் போவது என்பதில் ஒரு பிசகும் வராது. அக்காவின் பெரியவன் அம்மப்பாவிடம் போவான், என் மூத்தவன் சின்ன மாமாவிடம், நடுவிலாள் ஆச்சியின் தலையணைக்குக் கீழே இருக்கிற காசுப்பையைத் தேடி ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போவாள், அத்தான் வேலையால் வந்து சைக்கிளை நிறுத்த முன்னமே அவரின் சேட்டுப் பைக்குள் இரண்டு கை இருக்கும். எல்லோரிடமும் ஒரே வசனம்தான். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் வாங்கித் தரேல்லை." கேட்கிற பெரியவர்களும் தாங்கள்தான் அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே ஆதரவு என்று உருகிப்போய்க் காசை எடுப்பார்கள். ஓட்டோக்காரத் தம்பிக்கு விசயம் நன்றாகத் தெரியும், அவர் எங்கள் படலையடியில் எஞ்சினையே நிறுத்திவிடுவார். கடைசியில் மேசையைப் பார்த்தால் சீனிப் பணிஸ், மாலுப் பணிஸ், கிம்புலா பணிஸ், இரண்டு றாத்தல் பாண், அதற்கு மேல் சின்ன மாமா தனியாக வாங்கிய கேக். அன்றைக்கு இரவு இரண்டு வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை. பணிஸும் தேத்தண்ணியும்தான்.

காலைச் சாப்பாட்டிலும் இதே கதை. பெரிய குடும்பத்தில் "சாப்பிட்டியோ மோனை?" என்று கேட்க ஆட்கள் கூட. என் நடுவிலாள் அதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறாள். முதலில் ஆச்சியின் கோப்பையில் புட்டும் வாழைப்பழமும் குழைத்து நாலு வாய். பிறகு முன்வீட்டுக்குப் போய்ப் பெரியம்மாவிடம் இடியப்பமும் சொதியும். திரும்பி வரும்போது சின்ன மாமா பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவரின் மடியில் ஏறிக்கொள்வாள். நான் குசினிக்குள் இருந்து அவளுக்கென்று முட்டை பொரித்துக்கொண்டு வந்தால், முகத்தை வாடலாக வைத்துக்கொண்டு, "எனக்குப் பசிக்கேல்லை அம்மா" என்பாள். பிள்ளைக்கு வயிறு சரியில்லையோ என்று அம்மா உடனே ஓமத்தண்ணி எடுக்க ஓடுவார். அந்த ஓமத்தண்ணியையும் குடித்துவிட்டுத்தான் முன்பள்ளிக்குப் போவாள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கிணற்றடிதான். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு அம்மாவின் பொறுப்பு. சின்னவர்களை எல்லாம் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்பாட்டி, நல்லெண்ணெய் தப்பி, சீயாக்காய் போட்டு, வாளி வாளியாக அள்ளி வார்ப்பார். அந்த நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு கத்திக்கொண்டிருப்பார்கள், முகம் முழுக்க நுரை, எல்லோரும் ஒரே நிறம், ஒரே உயரம். ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பெடியன் வேலியால் எங்கள் பக்கம் விழுந்த பந்தை எடுக்க வந்திருக்கிறான். அவன் பந்துக்குக் குனிந்ததும் அம்மா பிடித்து வரிசையில் நிற்பாட்டிவிட்டார். அவன் "அம்மம்மா, நான்... நான்..." என்று ஏதோ சொல்லப் பார்த்திருக்கிறான். "வாயைத் திறக்காதை, சீயாக்காய் போயிடும்" என்று அம்மா ஒரு வாளியை ஊற்றியிருக்கிறார். துடைத்து, பவுடர் போட்டு, என் மூத்தவனின் காற்சட்டையும் போட்டு, மற்றவர்களோடு இருத்திச் சோறும் ரசமும் கொடுத்த பிறகுதான், தன் பிள்ளையைத் தேடி அந்த வீட்டுத் தங்கச்சி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். "ஐயோ அன்ரி, இவன் காலமைதான் தலைமுழுகினவன்!" பெடியன் அசையவில்லை. இரண்டாம் முறை ரசம் கேட்டுக்கொண்டிருந்தான். பந்தை மடியில் பத்திரமாக வைத்திருந்தான்.

"எண்ணேக்கை ஒண்டு கூடத்தான் இருந்தது, நான் பேசாமல் விட்டிட்டன்" என்றார் அம்மா. எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம்.

அம்மா எப்போதும் எண்ணுவார். நாங்கள் எங்கே போனாலும் வாகனத்தில் ஏறும்போது, இறங்கும்போது, கோவில் வாசலில், படுக்கப் போக முதல் என்று ஒவ்வொரு தலையிலும் கை வைத்து எண்ணுவார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, சண்டையால் எங்கள் பகுதியான வலிகாமம் முழுதும் ஒரே இரவில் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது நாங்கள் சின்னப்பிள்ளைகள். மழை, இருட்டு, கால் வைக்க இடமில்லாத சனம். நான் ஆச்சியின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தேன். அம்மா பத்தடிக்கு ஒருமுறை நின்று எங்கள் தலைகளைத் தடவி எண்ணினது எனக்கு இன்னும் உச்சியில் தெரிகிறது. அந்தப் பழக்கம் அவருக்குப் போகவே இல்லை. இப்போது பிள்ளைகள் அதை விளையாட்டாக்கி வைத்திருக்கிறார்கள். அம்மம்மா எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிந்தவன் சத்தம் போடாமல் வரிசையின் கடைசிக்கு ஓடி மறுபடியும் நிற்பான். ஏழு பேர் பதினொன்றாக வருவார்கள். "ஒண்டு ரண்டு கூடினால் காரியமில்லை" என்று சொல்லிக்கொண்டு அம்மாவும் அந்தப் பதினொன்றையும் கடைசி வரைக்கும் எண்ணுவார்.

கடைக்குட்டியின் பல்லுக்கொழுக்கட்டையையும் சொல்ல வேண்டும். முதற்பல் முளைத்ததும் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்திக் கொழுக்கட்டை அவித்து, பிள்ளையை இருத்தி, தலையில் வெள்ளைத் துணி பிடித்துக் கொட்டுவோம். முன்னால் ஒரு தட்டத்தில் புத்தகம், பேனை, காசு, நகை எல்லாம் வைப்போம். பிள்ளை எதை எடுக்கிறதோ அதை வைத்து எதிர்காலம் சொல்வது வழக்கம். கொழுக்கட்டை தலையில் விழுந்ததும் எங்கள் கடைக்குட்டி அழவில்லை, காதுப்பக்கத்தில் சிக்கின ஒன்றை எடுத்து வாய்க்குள் வைத்துக்கொண்டாள். பிறகு தவழ்ந்து போனாள். புத்தகத்தைத் தாண்டினாள், பேனையைத் தாண்டினாள், தங்கச்சங்கிலியில் முழங்காலை வைத்துக்கொண்டு போனாள். நேரே ஆச்சியின் வெற்றிலைத் தட்டத்தில் போய் நின்று பாக்குவெட்டியை எடுத்துவிட்டாள்! நான் பாய்ந்து போய்ப் பிடுங்க முன்னமே இரண்டு வீடும் சாத்திரம் சொல்லத் தொடங்கிவிட்டது. "ஒப்பரேசன் செய்யிற டொக்டர்" என்றார் அப்பா. "சீச்சீ, தையல்" என்றாள் அக்கா. தம்பி எஞ்சினியர் என்றான், ஆயுதம் எடுத்தபடியால். ஆச்சி மட்டும் கையைத் தட்டிச் சிரித்து, "எனக்குப் பாக்கு வெட்டித் தாறத்துக்கு ஒரு ஆள் வந்திட்டுது" என்றார். ஆச்சி சொன்னதுதான் பலித்தது. இப்போது அவளுக்கு மூன்று வயதாகப் போகிறது, பாக்குவெட்டியைத் தொட விடமாட்டோம், ஆனால் ஆச்சியின் சின்ன உரலில் வெற்றிலையைப் போட்டு இடித்துக் கொடுக்கிற வேலையை அவள் வேறு யாருக்கும் விடுவதில்லை.

நல்லூர்த் திருவிழா வந்தால் இருபத்தைந்து நாளும் எங்கள் இரண்டு வீட்டிலும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. பெரியவர்களுக்கு அது பழகிப்போன விசயம். பிள்ளைகளுக்குப் பத்து நாள் தாண்டினதும் கண்ணில் மீன் தெரியத் தொடங்கும். போன வருசம் மாலைத் திருவிழாவில், சுவாமி வெளிவீதி சுற்றி எங்களுக்கு முன்னால் வருகிறார், சனம் எல்லாம் கைகூப்பி "அரோகரா" என்கிறது. அக்காவின் சின்னவள், நாலு வயது, அத்தானின் தோளில் இருந்துகொண்டு நல்ல தெளிவான குரலில் வேண்டினாள். "முருகா, கெதியாச் சுத்தி முடியுங்கோ, அம்மா தீர்த்தம் முடிஞ்சாத்தான் மீன் வாங்குவா." பக்கத்தில் நின்ற ஒரு வயதானவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர் கேட்டிருப்பார் பிள்ளை" என்று அவளின் காலைத் தட்டிவிட்டுப் போனார்.

அதே திருவிழாவில்தான் அப்பா தொலைந்தும் போனார். அதாவது, என் மூத்தவனின் கணக்கில். கடலை வாங்கித் தருவதற்காக அப்பா அவனைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார், சனத்துக்குள் கை விட்டுப்போய்விட்டது. அவன் அழவில்லை. ஒலிபெருக்கியில் அறிவித்தல் சொல்கிற இடத்தைக் கண்டுபிடித்துப் போய், "எங்கடை அம்மப்பா துலைஞ்சு போனார், கண்டுபிடிச்சுத் தாங்கோ" என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறான். அடையாளம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "வெள்ளை வேட்டி. மேலிலை சேட்டு இல்லை. திருநீறு பூசியிருக்கிறார்." நல்லூரில் திருவிழா நேரம் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த வீதியில் அப்போது அந்த அடையாளத்தோடு ஆயிரக்கணக்கான ஆம்பிளைகள் நிற்பார்கள். அறிவித்தல் சொல்கிறவரும் நல்ல மனிசன், அப்படியே சொல்லிவிட்டார். வெள்ளை வேட்டி கட்டி, மேற்சட்டை இல்லாமல், திருநீறு பூசிய அம்மப்பாவை அவருடைய பேரன் இங்கே காத்துக்கொண்டிருக்கிறார், உடனே வரவும். கேட்ட சனம் எல்லாம் சிரிக்க, அப்பா வியர்க்க விறுவிறுக்க ஓடிப்போய்ச் சேர்ந்தார். அவருக்கு விழுந்த பேச்சு, "அம்மப்பா, இனி என்ரை கையை விடாதேங்கோ, சரியே?"

கனடாவில் இருக்கிற அண்ணாவோடு கதைக்கும்போதும் இந்த மாதிரித்தான். ரொறன்ரோ நேரம் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம் அழைத்தால் அங்கே முதல்நாள் இரவு. அதை என் மூத்தவனுக்கு ஒருநாள் கணவர் உலக உருண்டையை வைத்து விளக்கினார். அவன் கவனமாகக் கேட்டான். "அப்ப பெரிய மாமாவுக்கு இன்னும் நேற்றுத்தானோ?" ஓம் என்றோம். உடனே போனைப் பறித்துக்கொண்டு, "பெரிய மாமா, நேற்று என்ரை கொம்பாசு துலைஞ்சு போச்சு, ஆர் எடுக்கினம் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றான். அண்ணா அந்தப் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள், இந்தக் கிணற்றடி வரிசையில் நிற்க வேண்டியவர்கள். வருகிற ஓகஸ்டில் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அம்மா இப்போதே ஒன்பது பேருக்கு என்று நல்லெண்ணெய் அளந்து வைக்கிறார்.

இந்த விஜயதசமிக்குக் கடைக்குட்டிக்கு ஏடு தொடக்க வேண்டும். யாரின் மடியில் இருத்தி அரிசியில் அகரம் எழுதுவிப்பது என்று இரண்டு வீட்டிலும் கதை தொடங்கிவிட்டது. அப்பா படிப்பித்தவர், அதனால் தனக்குத்தான் உரிமை என்கிறார். அத்தான் தன் கைராசியைச் சொல்கிறார், அவர் எழுதுவித்த அக்காவின் பெரியவள் ஓ.எல். பரீட்சைக்கு நல்லாகப் படிக்கிறாள். நடுவிலாளுக்கு எழுதுவித்தது யார் என்ற கதையை மட்டும் ஒருவரும் எடுப்பதில்லை, அவள் அன்றைக்குத் தட்டத்தில் இருந்த அரிசியில் பாதியைச் சாப்பிட்டுவிட்டாள்.

கடைக்குட்டி இது எதற்கும் காத்திருக்கவில்லை. அவள் பின்னேரங்களில் ஆச்சியை முற்றத்தில் இருத்தி, மணலில் ஆச்சியின் விரலைப் பிடித்து ஏடு தொடக்கிக்கொண்டிருக்கிறாள்.

"வடிவா எழுதுங்கோ ஆச்சி."

"ரீச்சர், எனக்குக் கை நோகுது, நாளைக்கு எழுதட்டே?"

"ஏலாது. இண்டைக்கு எழுதினாத்தான் வெத்திலை இடிச்சுத் தருவன்."