மொறிஸ் மைனரின் பின் அக்சிலில் நிற்காத ஒயில் கசிவு

எங்கள் வீட்டுப் பழைய மொறிஸ் மைனர் காரின் டிஃபரன்ஷியலை (பின் சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியை) கழற்றி, பேரிங்குகளும், ஒயில் வெளியே வராமல் தடுக்கும் வளையமான ஒயில் சீலும் புதிதாகப் போட்டுப் பூட்டிய மூன்றாம் நாளே, கார் கொட்டிலின் சீமெந்துத் தரையில் உள்ளங்கையளவு கறை தெரிந்தது. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. அப்பா அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதை ஒழுகவிட எனக்கு மனம் வரவில்லை.

பூட்டித் தந்தவர்களே பினியன் சீலை, அதாவது டிஃபரன்ஷியலுக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் பினியன் தண்டைச் சுற்றியுள்ள சீலை, மாற்றினார்கள், பயனில்லை. இரண்டாம் முறை கழற்றியபோது, சீலின் உதடு (உள்விளிம்பு) உரசும் ஃபிளாஞ்சின், அதாவது பினியன் தண்டின் முனையில் நட்டால் இறுக்கியிருக்கும் இணைப்புத் தட்டின், கழுத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நகம் தடக்கும் அளவுக்கு ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. உதடு தேயாத இடத்தில் உட்காரும்படி, புதிய சீலை ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வெளியே நிறுத்தி அடித்தோம். கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அதன்பிறகுதான் கழற்றுவதை நிறுத்திவிட்டு, கசிவைக் கவனிக்கத் தொடங்கினேன். முதலில் செய்திருக்க வேண்டியது அதுவே. ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னுக்குத் தள்ளுவதால், கியர்பொக்ஸில் கசிவது அக்சிலில் கசிவதுபோலத் தோன்றலாம். ஆனால் மைனரின் கியர்பொக்ஸில் ஊற்றுவது எஞ்சின் ஒயில். அக்சிலில் இருப்பது ஹைப்பொயிட் 90 என்ற, கந்தகச் சேர்மானம் உள்ள தடித்த கியர் ஒயில். விரலில் தொட்டு மணந்தபோது கந்தக வாடை தெளிவாக வந்ததால், அந்தச் சந்தேகம் தீர்ந்தது. பிறகு அக்சில் உறை முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவி, துடைத்து, நன்கு காய்ந்ததும் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவினேன். ஓர் இரவு முழுவதும் நின்ற காரில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. நல்லூரிலிருந்து பருத்தித்துறைக்குப் போய்வந்து குனிந்து பார்த்தபோதோ, சீலைச் சுற்றிலும் ஃபிளாஞ்சின் நடு நட்டைச் சுற்றிலும் பவுடர் நனைந்து மண்ணிறமாகியிருந்தது.

இதை அயலில் உள்ள வயதான மெக்கானிக் ஐயா ஒருவரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, நிண்டா ஒழுகேல்லை, ஓடினாத்தான் ஒழுகுது எண்டால், உள்ளுக்க காத்து எங்கால போகுது?"

அக்சில் உறையின் மேற்பக்கத்தில் உள்ள சிறிய மூச்சுத்துளையை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. அடைபட்ட உறைக்குள் காற்று 30 பாகை செல்சியஸிலிருந்து 80 பாகைக்குச் சூடேறினால், அதன் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடும். அந்த அழுத்தத்தைத் தாங்குவது சாதாரண உதட்டுச் சீலின் வேலையல்ல. மறுநாள் ஓடிவந்த சூட்டோடு நிரப்பும் துளையின் மூடியை மெல்லத் தளர்த்தியபோது, "உஸ்" என்று காற்று வெளியேறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சமல்ல. பூட்டிய பின் உறைக்கு அடித்த கறுப்புப் பெயின்ற் மூச்சுத்துளையை முற்றாக மூடியிருந்தது. அந்தத் துளையுள்ள துண்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதிக் காற்றுத் தடையின்றிப் போவதை உறுதிசெய்துகொண்டேன்.

அடுத்த ஓட்டத்தில் சீலைச் சுற்றிய பவுடர் காய்ந்தே இருந்தது. நடு நட்டில் மட்டும் மெல்லிய ஈரம். சீலுக்கு உள்ளே இருக்கும் ஒயில், ஃபிளாஞ்ச் கோத்திருக்கும் பினியன் தண்டின் பற்கள் வழியாக ஊர்ந்து நட்டுக்கு அடியில் வெளிவரும். எத்தனை சீல் மாற்றினாலும் அது நிற்காது. நட்டைக் கண்டபடி இறுக்கினால் பினியன் பேரிங்கின் இறுக்கம் மாறிவிடும் என்பதால், நட்டிலும் தண்டிலும் அடையாளம் குத்திவிட்டே கழற்றினோம். பற்களைத் துடைத்து, சிலிக்கன் பசையை மெல்லியதாகப் பூசி, அடையாளம் நேர்படும்வரை மட்டும் இறுக்கினோம்.

அதற்குப் பிறகு மூன்று முறை பருத்தித்துறைக்குப் போய்வந்தேன். தூவிய பவுடரில் ரோட்டுப் புழுதி படிந்திருக்கிறதே தவிர, ஒரு துளி ஈரமும் இல்லை. நிரப்பும் துளைக்குள் விரலை விட்டால், ஒயில் அதன் கீழ்விளிம்போடு சரியாக நிற்கிறது.