கிளினிக் நாளுக்குப் பேர் கிடையாது

அப்பா இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1983 கலவரத்துக்குப் பிறகு திருச்சிக்கு வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். நான் பிறந்தது, வளர்ந்தது, எம்.பி.பி.எஸ். முடித்தது எல்லாம் இந்தியாவில். அப்பா வழியில் கிடைத்த இலங்கைப் பாஸ்போர்ட் மட்டும் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் கண்டிக்கு வந்தேன். "சொந்த நாடுதானே" என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அட்டை கடிப்பதிலிருந்து அரசாங்கப் படிவம் வரை எனக்கு எல்லாமே புதுசு.

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே நேராக வேலைக்குப் போக முடியாது. ஈ.ஆர்.பி.எம். என்ற தேர்வு எழுத வேண்டும். அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன், அதற்கப்புறம் அரசாங்கம் போடும் இடத்தில் மருத்துவ அதிகாரி வேலை. நான் இப்போது படிக்கும் உளமருத்துவத்துக்கு மறுபடி ஒரு நுழைவுத் தேர்வு. நம் ஊர் மாதிரி கல்லூரிக்குக் கல்லூரி எம்.டி. கிடையாது. நாடு முழுவதற்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஜி.ஐ.எம். என்ற மருத்துவ மேற்படிப்பு நிறுவனம் ஒன்றுதான். தேர்வானவர்கள் ரெஜிஸ்ட்ராராக ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை செய்துகொண்டே படிக்க வேண்டும். எம்.டி. பாஸ் செய்த பிறகும் சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம் ஒன்று உண்டு, அதில் ஒரு வருடம் வெளிநாட்டுப் பயிற்சி. கூடப் படிப்பவர்கள் இப்போதே மெல்பர்னா லண்டனா என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வருடம் இப்பவே ஓடிக்கொண்டிருக்கிறது என்பேன், சிரிப்பார்கள்.

சிங்களம் வார்டில்தான் வந்தது, பெரும்பாலும் மிஸ்ஸிமார் புண்ணியத்தில். (நர்ஸை இங்கே எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.) ஆனால் என்னை அதிகம் தேடியது தமிழுக்காக. தமிழ் பேசும் ரெஜிஸ்ட்ரார் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்ததும் மற்ற வார்டுகளிலிருந்தும் போன் வர ஆரம்பித்தது. அதுவரை தோட்டத்திலிருந்து வரும் நோயாளியிடம், பக்கத்துக் கட்டில்காரரையோ சுத்தம் செய்யும் அண்ணனையோ நடுவில் வைத்துத்தான் பல நேரம் பேசியிருக்கிறார்கள். வயிற்றுவலி என்றால் அப்படிச் சமாளித்துவிடலாம். காதில் குரல் கேட்கிறது என்பதையும், புருஷன் அடிக்கிறான் என்பதையும் மூன்றாவது ஆள் மூலம் யார் சொல்வார்கள்?

என்னிடம் உட்கார்ந்தால் முதலில் அவர்கள்தான் கேள்வி கேட்பார்கள். "டொக்டரம்மாவுக்கு எந்த ஊரு?" திருச்சி என்றால் விடமாட்டார்கள். "திருச்சில எந்தப் பக்கம்? எங்க தாத்தா துறையூர்ல இருந்து வந்தவரு." துறையூரைக் கண்ணால் பார்த்திராத குடும்பம், ஆனால் பெயர் மட்டும் நாலு தலைமுறையாக வீட்டில் இருக்கிறது.

உளமருத்துவத்தில் ஒவ்வொரு கேஸுக்கும் குடும்ப மரம் வரைய வேண்டும். யாருக்கு மனநோய் இருந்தது, யார் எதனால் இறந்தார் என்று மூன்று தலைமுறைக்கு. மலையகக் குடும்பங்களுக்கு வரைந்தால் 1964இல் மரம் இரண்டாகப் பிளக்கும். இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்துக்கொண்டது. "பெரியப்பா?" "இந்தியா போயிட்டாரு." "அப்புறம் சுகமா இருந்தாரா?" "கூடலூர்னு ஒரு கடுதாசி வந்துச்சு, அதுக்கப்புறம் தெரியாதுங்க." பரம்பரை நோயா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டிய கட்டத்தில் பாதி மரம் கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கும். எங்கள் குடும்பத்துக்கு வரைந்தாலும் அப்படித்தான் வரும்.

சரி, குறி சொல்லிப் பேயோட்டும் கோடாங்கி விஷயம். நகரத்து நண்பர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆமாம், எங்களிடம் வருகிறவர்களில் பலர் கோடாங்கியைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. அவர் என்ன சொன்னார் என்று கேட்டால், வீட்டில் எது எப்போது ஆரம்பித்தது என்பது தேதியோடு வந்துவிடும். மணிக்கட்டில் கட்டிய கயிற்றை அறுக்கச் சொல்லும் டாக்டரிடம் அடுத்த மாதம் யாரும் வரமாட்டார்கள். கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். கோடாங்கியைவிடப் பெரிய தொல்லை அங்கொடை. அங்கொடையில் இருக்கும் மனநல ஆஸ்பத்திரியின் பெயரை வைத்து இங்கே சின்னப் பிள்ளைகள்கூடத் திட்டுவார்கள். உளநல வார்டு என்று வாயைத் திறந்தாலே, "அங்கொடைக்கா அனுப்பப் போறீங்க?" என்று தாய்மார் முகம் வெளுத்துவிடும்.

நான் உண்மையில் படித்த பாடம் ஒரு மருந்தால் வந்தது. (ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.) மஸ்கெலியாப் பக்கத்துப் பையன், ஸ்கிட்சோஃப்ரினியா. இரண்டு மருந்து கொடுத்தும் குரல்கள் அடங்கவில்லை. அந்த நிலையில் க்ளோஸபின் தொடங்குவோம். நல்ல மருந்து, ஆனால் சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால் முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தம் பார்க்க வேண்டும். பிறகு வருடம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதற்குப் பின் மாதம் ஒருமுறை. பையன் நன்றாகத் தேறி வந்தான், தானாகக் குளித்தான், தங்கச்சியோடு பேசினான். திடீரென்று இரண்டு கிளினிக் வரவில்லை. வார்டு ரவுண்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதப் பார்த்தார்கள்.

அம்மா வந்தபோது கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கணக்குச் சொன்னார். அவர் கொழுந்து எடுப்பவர். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்று, சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால்தான் அன்றைக்குப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். மகனைத் தனியாக அனுப்ப முடியாது. மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன், அங்கிருந்து கினிகத்தேனை, கம்பளை தாண்டிக் கண்டி. இருட்டோடு கிளம்பினால் இருட்டோடுதான் திரும்ப முடியும். அன்றைக்குப் பேர் கிடையாது, பஸ் காசு இரண்டு பேருக்கு. 2021இல் நாள் சம்பளத்தை ஆயிரம் ரூபாய் ஆக்கினார்களே, அந்த ஆயிரம்தான் வாராவாரம் போய்க்கொண்டிருந்தது. "மருந்து ஓசிதாங்க, வர்றதுதான் காசு" என்றார்.

இலங்கையில் அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அது பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். இந்தியாவில் கட்டண வரிசையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் அந்த அம்மாவின் கணக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. நோயாளி வராவிட்டால் நோயைப் பற்றிய அறிவு அவருக்குக் குறைவு என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். இந்த அம்மாவுக்கு அறிவு குறைவில்லை, அணுக்கள் குறைந்தால் காய்ச்சல் வரும் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

அப்புறம் ஓடி ஓடிச் செய்தது ஒன்றுதான். இரத்தத்தை வீட்டுக்குக் கிட்டே இருக்கும் ஆஸ்பத்திரியில் எடுக்க ஏற்பாடு, முடிவு எனக்குப் போனில், நாங்கள் பார்ப்பது மாதம் ஒருமுறை. பார்த்தால் சின்ன ஏற்பாடு. அதற்கு எழுதிய கடிதங்கள் எம்.டி. தேர்வுக்கு எழுதிய கேஸ் குறிப்புகளைவிட நீளம். தோட்டத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்தேன், கிளினிக் நாளில் இவரைப் பெரட்டுக்குத் தாமதமாக விடும்படி. துரை (தோட்ட மேனேஜர்) படித்தாரா என்று தெரியாது. கணக்கப்பிள்ளை படித்துவிட்டு, "மத்தியானத்துக்குள்ள மலைக்கு வந்தா அரைப்பேர்" என்றாராம்.

அதை வந்து சொன்னபோது அம்மா சிரித்தார். அடுத்த மாதத் தேதியை மட்டும் மாற்றித் தரக் கேட்டார். அது தீபாவளி முற்பணம் கொடுக்கும் நாள், கைநாட்டு வைக்க அவர் அங்கே இருந்தாக வேண்டும். கொப்பியில் தேதியை வெட்டி வேறு எழுதிக் கொடுத்தேன்.